கணக்கு வரும், எழுத்து வராது

சிறப்பாசிரியர் வேலைக்குப் பி.எட். படிப்பைவிட முக்கியமான தகுதி, ஒரு பழைய ஸ்கூட்டியைக் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஓட்டுகிற தெம்பு. வாரத்துக்கு ஐந்து பள்ளிகள், பள்ளிக்கு ஒரு நாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளோடு உட்காருவதுதான் என் பிழைப்பு. உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால் நீங்களும் என் கட்சி. நான் வாயடைத்து நின்ற இடங்களில் நீங்களும் நின்றிருப்பீர்கள். இவை அத்தனையும் யமுனா என்கிற ஒரே பெண்ணால், ஒரே வருஷத்தில் எனக்கு வாய்த்தவை.

ஞாபகசக்தி

சிதம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள பள்ளி அது. முதல் நாளே தலைமையாசிரியர் மெல்லக் கற்போர் பட்டியலை நீட்டினார். முதல் பெயர், ஒன்பதாம் வகுப்பு யமுனா. 'சொந்தப் பெயரையே தப்பாக எழுதுகிறாள்' என்று பக்கத்தில் குறிப்பு.

அந்த நேரம் பார்த்து அறிவியல் டீச்சர் லீவு என்று போன் வந்தது. தலைமையாசிரியர் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணைப் பக்கம் திரும்பவே இல்லை. வராந்தாவில் போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, மூன்றாவது பீரியடில் யாருக்கு வகுப்பு இல்லை என்று கேட்டார். "தமிழய்யாவுக்கும் பி.டி. சாருக்கும் சார். ஆனா தமிழய்யாவுக்கு நேத்தே ரெண்டு பீரியடு ஜாஸ்தி போட்டுட்டீங்க" என்றாள். பதினான்கு ஆசிரியர்களின் அட்டவணையும் அவள் தலைக்குள் இருந்தது. பெயரைக் கேட்டேன். யமுனா என்றாள். பட்டியலைத் தலைமையாசிரியர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் அசரவில்லை.

"அது ஞாபகசக்தி டீச்சர். படிப்பு இல்லியே."

அப்பாவின் பெருமை

அவள் அப்பா முருகன், டைல்ஸ் போடுகிற மேஸ்திரி. வீட்டுக்குப் போனபோது மகளைப் பற்றி வாய் நிறையப் பேசினார். அறையின் நீள அகலத்தைச் சொன்னால் போதுமாம், உடைசல், வெட்டு எல்லாம் சேர்த்து எத்தனை டைல்ஸ் வாங்கவேண்டும் என்று அவள் மனசிலேயே போட்டுச் சொல்லிவிடுவாளாம். ஒரு தடவைகூடத் தப்பியதில்லையாம்.

டீ கொண்டுவந்த யமுனாவின் முழங்கைக்குக் கீழே தடித்த கோடுகள். என்ன இது என்றேன். ஸ்கேலால் அடித்தது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். படிப்பு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு திருவந்திபுரம் மலைக்கோயிலுக்கு மூன்று தடவை கூட்டிப்போயும் படிப்பு ஏறவில்லை என்றார் அவள் அம்மா. இந்த வருஷம் பெயிலானால் சிதம்பரத்தில் ஒரு துணிக்கடையில் விடுவதாகப் பேசியும் வைத்திருந்தார்கள். அபாரக் கணக்கும் எழுத்துத் திணறலும் ஒரே தலைக்குள் இருக்கலாம், அது மூளையின் வாகு, அவள் குற்றமில்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். முருகன் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இவ்ளோ கணக்கு வர்றவளுக்கு நாலு வரி படிக்க வரலன்னா, அது திமிரு இல்லாம வேற என்னா டீச்சர்?"

செவ்வாய்க்கிழமை

ஊரையெல்லாம் திட்டுகிற நான் மட்டும் என்ன ஒழுங்கா? இரட்டைக்கோடு நோட்டு வாங்கிக்கொடுத்து, 'ழ'வையும் 'ற'வையும் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னேன். கணக்குப் பக்கம் போகவே இல்லை. அதுதான் வருகிறதே என்கிற அலட்சியம். இரண்டு மாதத்தில் அவள் அடிக்கடி லீவு போட ஆரம்பித்தாள். வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் செவ்வாய்க்கிழமை. அந்தப் பள்ளிக்கு நான் போவதும் செவ்வாய்க்கிழமைதான். அவளுடைய பெஞ்சுக்காரி வேறு சந்தேகத்தைத் தீர்த்துவைத்தாள்.

"நீங்க வர்ற அன்னிக்கு மட்டுந்தான் மிஸ் அவளுக்கு வயித்து வலி."

நோட்டை ஓரமாக வைத்தேன். அடுத்த செவ்வாயிலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கை நான் வாசிப்பேன், அவள் விடை சொல்வாள். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

முகாம்

இப்படிப்பட்ட பிள்ளைகள் விடையைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம் என்று தேர்வில் அனுமதி உண்டு. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். ஒரு மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கொடுத்த புதிர்க்கட்டைகளை அவர் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் அடுக்கி முடித்தாள். நான் பூரித்துப்போனேன், அவர் பேனாவை மூடிவிட்டார்.

"இவ்ளோ புத்திசாலிப் பொண்ணுக்குக் குறைபாடுன்னு எழுதிக் குடுத்தா, என்னையத்தாம்மா கேள்வி கேப்பாங்க."

அடுத்த முகாமில் வேறொருவர், அவளைப் படிக்கவும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சான்று எழுதினார்.

யார் மார்க்?

முழுஆண்டுத் தேர்வு. யமுனா சொல்ல, எட்டாம் வகுப்புப் பெண் பவித்ரா எழுதினாள். கணக்கில் தொண்ணூற்றேழு. இனிப்பு வாங்கிக்கொண்டு ஓடினேன். அங்கே தலைமையாசிரியர், மாவட்டக் கணக்குப் போட்டிக்கு ஒரு பெயரை எழுதிக்கொண்டிருந்தார். பவித்ரா என்று எழுதியிருந்தார். யமுனாவின் மார்க்கை நிறுத்தி வைத்திருந்தார். அந்த மார்க் போனால் அவள் பெயில். பெயிலானால் துணிக்கடை. இனிப்பு டப்பாவை மேசையில் வைத்தேனா, வீசினேனா, நினைவில்லை.

"பேப்பர்ல இருக்கிற கையெழுத்து யாரோடது டீச்சர்? நீங்களே சொல்லுங்க."

பவித்ராவையே கூப்பிட்டோம். அவள் அழுகிற நிலையில் இருந்தாள்.

"சார், பாதி எனக்குப் புரியவே இல்ல. அக்கா சொன்னாங்க, எழுதுனேன்."

வாய்க்கணக்கு

யமுனாவிடமே எல்லார் முன்னாலும் கணக்குக் கேளுங்கள் என்று பிடிவாதமாக நின்றுவிட்டேன். முருகனையும் வரச் சொன்னேன். வேலையிடத்திலிருந்து கையில் சிமென்ட்டோடு வந்தவர் வாசலிலேயே நின்றார். கணக்கு சார் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை விரித்துப் பத்துக் கணக்கு வாசித்தார். யமுனா கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கும் விடை சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்து, செவ்வாய்க்கிழமைகளில் நான் வாசித்த நினைவில், ஏழாவது கணக்கை அவர் தப்பாக வாசித்ததையும் சொன்னாள். சார் புத்தகத்தைப் பார்த்தார், ஆமாம் என்றார். தலைமையாசிரியர் மார்க்கைப் பதிந்தார், போட்டிப் படிவத்தில் பெயரை மாற்றினார். முருகன் மட்டும் மகளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தினி வருசமா நான் எதுக்கு டீச்சர் அடிச்சேன்?"

இந்த வருஷ மெல்லக் கற்போர் பட்டியலில் யமுனாவின் பெயரை நானே அடித்துவிட்டேன், அந்த இடத்தில் எழுதத் தலைமையாசிரியர், முதல் முகாம் டாக்டர், முருகன், நான் என்று நாலு பேர் தயாராக இருந்தும் பட்டியலில் ஒரு வரிதான் காலி.