ஹாரன் அக்காவின் சிமெண்ட் சாக்கு

பல் துலக்குவதற்கு முன்பே ஹாரன் அக்கா ஒரு வாளித் தண்ணீரைக் கழிவறையில் கொட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து நிற்பார். கடைசிச் சொட்டு இறங்கும்வரை யாரும் அவரிடம் பேசக்கூடாது. "எறங்கிடுச்சுப்பா! நீங்க போகலாம்!" என்று பக்கத்து அறையில் இருக்கும் அப்பாவுக்குத்தான் சொல்வார். தெருமுனைவரை கேட்கும்.

ஓட்டுவது பள்ளி வேன். வண்டி ஹாரனைவிட அவர் தொண்டை பெரிது என்று பிள்ளைகள் வைத்த பெயர் அது. மற்ற வண்டிகளில் பொம்மை ஆடும் இடத்தில், இவர் வண்டியில் பாலிதீன் பையில் கட்டிய சிமெண்ட் சாக்குத் துண்டு ஒன்று கல்லாக இறுகிக் கிடக்கும். "அது என்னக்கா?" என்று கேட்டால், "எங்க புது வீட்டுக்குக் கான்ட்ராக்டர் குடுத்த அன்பளிப்புடா!" என்பார்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய வீடு. முழங்கால் தேய்ந்த அப்பா மாடி ஏற வேண்டாமென்று, கழிவறையை ஒட்டிய கீழ் அறையை அவருக்கென்றே போட்டார் அக்கா. குடிவந்த கொஞ்ச நாளிலேயே, ஒரு மத்தியானம், கீழே போகவேண்டியதெல்லாம் மேலே வந்தது. அலமாரி ஊறி உப்பிப்போனது. அப்பா கட்டில்மேல் காலை மடக்கி உட்கார்ந்து, தன் அறை நாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கான்ட்ராக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். "நாங்க குடுக்கும்போது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பெரியவர் துணி கிணி எதையாச்சும் உள்ள போட்டிருப்பாரு. அது உங்க பொறுப்பும்மா." பெரியவர் காதில் விழும்படியே சொன்னார்.

அன்றிலிருந்து அப்பா கழிவறைக்குப் போவதைக் குறைக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். டம்ளரில் பாதி ஊற்றியதுமே "போதும்மா" என்று கையால் மூடிவிடுவார். சொந்த வீட்டில் ஒரு மனிதன் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பயப்படுவதா? அலமாரி போனது போகட்டும், இதற்குத்தான் ஹாரன் அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

தரையை உடைத்தபோது சாக்கு வந்தது. வேலை நடக்கும்போது கலவை உள்ளே விழாமலிருக்கக் குழாய் வாயில் திணித்திருக்கிறார்கள். முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டார்கள். கான்ட்ராக்டர் குழாய்க்காரரைக் கைகாட்டினார். குழாய்க்காரர் கொத்தனாரை. கொத்தனார் ஊரிலேயே இல்லை. சாவி கொடுத்தபோது எடுத்த போட்டோவில் மூன்று பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். சாக்கை வைத்தவர் யார் என்று கேட்டால் மட்டும் ஒருவரும் இல்லை.

"சரிம்மா, நல்லெண்ணத்துல செலவ நானே பாத்துக்கறேன்" என்றார் கான்ட்ராக்டர் கடைசியில்.

"உங்க நல்லெண்ணத்தத் தூக்கி ஒடப்புல போடுங்க! தப்பு உங்களுது, செலவு உங்களுது. எங்கப்பா மேல பழி போட்டீங்கல்ல? அவரு முன்னாடி வந்து அவரு மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க."

தரையைப் பூசிக் கொடுக்க ஆள் வந்தது. கான்ட்ராக்டர் வரவில்லை. ஒரு நாள் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, வேனை அவருடைய அலுவலக வாசலில் குறுக்கே நிறுத்தி, ஹாரன்மேல் கையை வைத்தார் அக்கா. எடுக்கவே இல்லை. உள்ளே புது வீடு பேச வந்திருந்தவர்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள்.

"என்னம்மா இது, மானத்த வாங்குறீங்க?"

"எங்கப்பா மானத்த நீங்க வாங்கலையா? ஏறுங்க."

சின்னப் பிள்ளைகளின் சீட்டில், முழங்கால் தாடையில் இடிக்க, எதிரே கிடந்த சாக்கைப் பார்த்தபடியே வந்தார் கான்ட்ராக்டர். இந்த முறை கட்டில்வரைக்கும் வந்தார்.

"ஐயா... உங்க மேல தப்பில்லைங்க. எங்க ஆளுங்க விட்ட சாக்கு."

"சத்தமா" என்றார் அக்கா.

மறுபடியும் சொன்னார்.

கான்ட்ராக்டரை நிற்கவைத்துக்கொண்டே ஹாரன் அக்கா சொம்பை எடுத்து டம்ளரில் சாய்த்தார். பாதி நிறைந்தது. அப்பாவின் கை மூட வரவில்லை. விளிம்புவரை ஊற்றினார்.