பதினெட்டு வருடத்தைத் துப்பினேன்

சித்தூருக்கு அந்தப் பக்கம், பங்காருபாளையத்தில் மாம்பழக் கூழ் ஃபேக்டரி ஒன்றின் லேபில் எனக்கு வேலை. டப்பாவில் அடைக்கும் முன்னால் ஒவ்வொரு தொட்டிக் கூழையும் முகர்ந்து, ருசித்து, பழம் நேற்றுப் பழுத்ததா, நாலு நாள் கிடந்ததா என்று சொல்ல வேண்டும். என் மூக்குக்குத்தான் சம்பளம்.

என் கணவருக்குச் சித்தூரில் மோட்டார் பம்பு கடை. முன்பெல்லாம் எது கிடைத்தாலும் சோடா ஊற்றிக் குடித்துவிட்டு, வேர்க்கடலை இன்னும் இருக்கிறதா என்று கேட்கிற மனிதர். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் தம்பி, தன் வெளிநாட்டு அதிகாரிகள் மூலம் சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டில்கள் வாங்க ஆரம்பித்ததும் இவர் மாறிவிட்டார். போனில் வீடியோ பார்த்தார். வாய் குறுகிய கண்ணாடி கிளாஸ் வாங்கினார். குடித்ததைப் பற்றி எழுத ஒரு நோட்டும் போட்டார்.

ஒரு பிப்ரவரி ஞாயிறு, திருப்பதியில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். அலிபிரி ரோட்டுப் பக்கம் மாடி வீடு. தம்பி மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மேஜையில் மூன்று பாட்டில்: பன்னிரண்டு வருடத்தது ஒன்று, பதினெட்டு வருடத்தது ஒன்று, புகையில் காயவைத்த பார்லியில் செய்தது ஒன்று.

"அந்த ஸ்க்ரீன இழுத்து வுடுப்பா. மலை தெரியுது" என்றார் இவர்.

"ஏன் மாமா, ஸ்க்ரீன் போட்டா சாமிக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒரு மரியாதை தான்."

நான் ஆம்லெட் தட்டோடு வந்தபோது இவர் கிளாசுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். "தேன்… பேரிக்காய்… பின்னாடி லேசா ஹெதர் பூ."

"ஹெதர்னா இன்னாங்க?"

"ஸ்காட்லாந்து மலையில பூக்கிற பூ."

"நீங்க எங்க மோந்து பாத்தீங்க?"

அவர் மறுபடி கிளாசுக்குள் மூக்கை விட்டார். தம்பி சிரித்துக்கொண்டே, "அக்கா, நீ மோந்து பாத்து சொல்லு" என்று மூன்று கிளாசையும் என் பக்கம் தள்ளினான்.

முதலாவதில், காயும் பழமுமாக இருக்கிற பங்கனபள்ளியின் காம்பு வாசனை. இரண்டாவதில், மரப்பெட்டியில் வைத்து மறந்துபோன உலர்ந்த திராட்சை. மூன்றாவதை முகர்ந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "இது ஆஸ்பத்திரியில கட்டு போடற ரூம்டா. பக்கத்துல யாரோ ஈர விறக ஊதிக்கினு கீறாங்க."

தம்பி போனைத் தடவிப் பார்த்தான். "மாமா, பெரிய பெரிய ஆளுங்கல்லாம் அயோடின், புகைன்னு தான் எழுதிக் கீறாங்க!"

இவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "அப்ப உங்கக்கா பாட்டிலப் பாக்காம சொல்லட்டும். நானும் சொல்றேன்" என்றார்.

தம்பி சமையலறைக்குள் போய் நாலு கிளாசில் ஊற்றி, எது எதென்று எழுதிய சீட்டை அடியில் வைத்துக் கொண்டுவந்தான். இவர் ஒவ்வொன்றையும் உறிஞ்சி, யோசித்து, எழுதினார். இரண்டாவது கிளாசுக்கு "இளசு, அவசரம், சட்டென்று முடிகிறது." நாலாவதுக்கு "முதிர்ச்சி, ஆழம், நெடுநேரம் நிற்கிறது." நான் வெறுமனே முகர்ந்தேன்.

"ரெண்டும் நாலும் ஒண்ணு தான்" என்றேன்.

சீட்டைத் திருப்பினார்கள். இரண்டிலும் அதே பன்னிரண்டு வருடத்துச் சரக்கு. தம்பி வேண்டுமென்றே செய்திருக்கிறான். அவன் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. சோபாவில் விழுந்து சிரித்தான்.

"மூக்கு வேற, நாக்கு வேற" என்றார் இவர். "குடிச்சே பாக்காத ஆளு தீர்ப்பு சொல்லக் கூடாது." பதினெட்டு வருடத்ததை ஊற்றி என் கையில் கொடுத்தார்.

அதுவரை நான் தொட்டதில்லை. ஆனால் சவால் என்று வந்துவிட்டது. ஒரு வாய் எடுத்தேன். நாக்கு நுனியிலிருந்து அடிவரை புரட்டினேன். மூக்கு வழியாக மூச்சு விட்டேன். பிறகு எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பினேன்.

"அக்கா! பதினெட்டு வருசம்!" என்று தம்பி அலறினான்.

பதற்றம் வந்தால் இவருக்குத் தெலுங்குதான் வரும். என்ன காரியம் செய்தாய் என்று தலையில் கை வைத்தபடி, "ஏம் சேசாவே நுவ்வு!" என்றார்.

நான் என்ன செய்வேன்? லேபில் ஒரு நாளைக்கு அறுபது ஸ்பூன் கூழ். விழுங்கினால் மதியம் சோறு இறங்குமா? பதினோரு சீசன் பழக்கம், வாய்க்குள் எது போனாலும் கால் தானாகவே பேசினுக்குப் போய்விடுகிறது.

அடுத்த வாயை இரண்டு பேரும் காவல் நிற்க விழுங்கினேன். காது சூடாயிற்று. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரே இனிப்பு. இனிப்பை சீசன் பூரா பார்க்கிறவள் நான். அந்த ஆஸ்பத்திரி பாட்டிலைக் கேட்டு வாங்கினேன். வாய்க்குள் போனதும் அந்தப் புகை, சுட்ட சோளத்தில் கருகின ஓரம் மாதிரி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம் கேட்டேன். இவர் நோட்டை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டியதும் அவர் மெதுவாக, "மூணாவது… நெஜமாவே கட்டு போடற ரூம் தானா?" என்றார்.

"ஆமாங்க."

"எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு. பிடிக்கவே இல்ல. வீடியோல அத்தினி பேரும் ஒசத்தின்னு சொல்றப்ப நான் எப்டி மாத்திச் சொல்றது?"

இதைச் சொன்னதும் அவர் தோள் இறங்கி, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எனக்கு அவரைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

தம்பி அடுத்த மாதமே அந்தப் புகை பாட்டிலை எனக்கென்று கொண்டுவந்து கொடுத்தான். சீசன் தொடங்கியதும், மூக்கு கெட்டுவிடக் கூடாதென்று அவனிடமே திருப்பிக் கொடுத்து வைத்தேன். ஆகஸ்டில் அவன் கொண்டுவந்தபோது மூன்று விரல் அளவு குறைந்திருந்தது.

"ஆவியாப் போயிருக்கும்கா. திருப்பதியில வெயில் ஜாஸ்தி இல்ல?"

"கிட்ட வா, வாய ஊது" என்று எழுந்தேன். நான் வாசலுக்கு வருவதற்குள் அவன் பைக் தெருமுனை திரும்பிவிட்டது.