பேச மாட்டேன் என்ற வெள்ளிக்கிழமை

காயல்பட்டினத்து வீட்டில் அந்தச் சிவப்புத் தொலைபேசி இன்னும் இருக்கிறது, இணைப்புதான் இல்லை. வாப்பா துபாயில் வேலை பார்த்தபோது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அது மணியடிக்கும். வீடே வரிசை கட்டி நிற்கும். கேட்ட ரோஸ் நிறச் செருப்பை அனுப்பவில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை, "நான் பேச மாட்டேன்" என்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். எட்டு வயது எனக்கு. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே வாப்பா நெஞ்சுவலியில் இறந்துபோனார்கள். அடக்கமும் துபாயிலேயே முடிந்தது. பிஞ்சு மனசு தாங்காது என்று பெரியவர்கள் என்னிடம் மறைத்தார்கள். உம்மா வெளியே வராமல் இத்தா எனும் துக்கம் காப்பதைப் பார்த்தால் கேள்வி கேட்பேன் என்று, வள்ளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த உம்மாவின் தங்கை, என் சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாசத்தில் செய்ததுதான், ஆனாலும் எனக்கு இன்றுவரை கோபம். வெள்ளிக்கிழமைகள் வந்து போயின, சாச்சி வீட்டுக்கு வாப்பாவின் போன் வரவில்லை. நான் பேசாததால் வாப்பாவும் பேசவில்லை என்று நானே முடிவு கட்டினேன். சோறு இறங்கவில்லை. பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன்.

சாச்சிக்குப் பொறுக்கவில்லை. ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"புள்ள, வாப்பா மவுத்தா போயிட்டாங்க. இனி போன் வராது."

"நான் பேசாததாலயா?"

"இல்ல. நெஞ்சுவலி. நீ கட்டிலுக்கடியில கெடக்கேன்னு கேட்டு வாப்பா சிரிச்சாங்களாம், ஒங்க உம்மா சொன்னா."

அன்றுதான் அழுதேன். மறுநாளே சாச்சி என்னை உம்மாவிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் உம்மாவும் நானும் வாப்பாவைப் பற்றிப் பேசினோம். அழுவோம், கொஞ்சம் சிரிப்போம். நான் முடங்கிப்போகாமல் எழுந்தது அந்தப் பேச்சால்தான்.

இப்போது நான் வெளியூரில் ஆசிரியை. போன மாதம் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். விசாரித்தால், அவள் அம்மா இறந்ததையே அவளிடம் சொல்லவில்லை; ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போனேன்.

"எல்லாரும் மறைக்கத்தான் சொல்லுதாங்க டீச்சர். புள்ள தாங்குவாளா?" என்றார் அப்பா.

"சொல்லாம இருந்தாத்தான் தாங்க மாட்டா."

மகளை மடியில் வைத்துக்கொண்டு அவரே சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். "மருந்து எடுத்துக் குடுக்காம வெளையாடப் போயிட்டேன். அதனாலயா டீச்சர்?"

"இல்ல" என்றேன். சாச்சி சொன்ன அதே "இல்ல".

அந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். ஜும்ஆ முடிந்த நேரம், சிவப்பு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். "கட்டிலுக்கடியிலேருந்து வந்துட்டேன் வாப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.