வில்மாவின் சாம்பல் நிறம்

டெல்மர் ஹாஸ்கின்ஸ் முப்பத்தோரு வருடம் ஆரஞ்சுச் சாறு தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்தவர். ஃபுளோரிடாவில், பார்ட்டோ ஊரில், பழைய ஆட்களைக் கேட்டால் அதைத்தான் சொல்வார்கள். பாம்பு வளர்ப்பவர்கள் நடுவில் மட்டும் அவருக்கு வேறு பெயர்: சூட்டுக்காரர்.

அது ஒரு குட்டியால் வந்த பெயர். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், ஒன்பது வருடத்துக்கு முன் பொரித்த ஏழு மலைப்பாம்புக் குட்டிகளில் ஒன்று சாம்பல் நிறமாக வந்தது. மற்ற ஆறும் அந்தச் சாதிக்கே உரிய பழுப்பும் கறுப்பும். இதற்கு மட்டும் கழுத்திலிருந்து வால் நுனிவரை அறுபடாத ஒரு வெள்ளைக் கோடு. வில்மா என்று பெயர் வைத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். கூடி நின்று பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். அடைகாக்கும் பெட்டியில் சூடு ஏறிவிட்டால் குட்டிகள் நிறம் கெட்டுப் பிறப்பதுண்டு. அந்த நிறம் வம்சத்தில் இறங்காது.

"கொதிகலன்காரன்தானே, கூட ரெண்டு டிகிரி வச்சு வறுத்துட்டான்" என்றார் ஒருவர். அது ஒட்டிக்கொண்டது.

வில்மாவைச் சாதாரண ஆண் ஒன்றோடு சேர்த்தார். குட்டிகள் அத்தனையும் பழுப்பு. சிரிப்பு கூடியது. ஆனால் சில நிறங்கள் ஒரு தலைமுறை ஒளிந்திருக்கும். மகனைத் தாயோடு சேர்த்தால்தான் வெளியே வரும் என்பது டெல்மருக்குத் தெரியும். அந்த ஈற்றிலிருந்து ரூஃபஸ் என்ற ஆணை வைத்துக்கொண்டு, வளரும்வரை காத்திருந்தார். எழுபத்திரண்டு வயது, இதயத்தில் ஒரு ஸ்டென்ட், தனி வீடு. வில்மாவின் நிறம் உண்மையானது என்று ஒரே ஒரு முறை காட்டிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவர் வாயிலிருந்து வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

ரூஃபஸுக்கு அந்த ஆசை இல்லை. இரண்டு குளிர்காலம் வீணாகப் போனது.

"யோவ் டெல்மர், உன் பையன் சாமியாராப் போயிட்டான்யா" என்றாள் இலியானா. நான்கு வீடு தள்ளி இருப்பவள். அவளிடமும் நாற்பது பாம்புகள் உண்டு. "பொண்ணோட பெட்டியில விட்டா தண்ணித் தட்டுல சுருண்டு தூங்குறான்."

"குளிர் பத்தல, குளிர்ந்தாதான் சேரும். சூட்ட இன்னும் கொஞ்சம் எறக்கணும்."

"ஏத்துறதும் எறக்குறதும்தானே உன் பொழப்பு! சரி, தாம்பாவுல வாங்கினியே புது ஆண், அது எங்க?"

"துணி துவைக்கிற ரூம்ல, தனியா. நோய் எதுவும் இல்லன்னு தெரிய தொண்ணூறு நாள். அது முடியாம கொட்டகைப் பக்கம் வராது."

"வரக் கூடாது."

"பாம்பு வளக்க எனக்கே நீ சொல்லித் தர்றியா?"

அவர் சொன்னபடியே இருந்தார். புதுப் பாம்பைத் தொட்டால் முழங்கை வரை கழுவுவார், சட்டை மாற்றுவார். அதற்கென்று தனி இடுக்கி, தனித் துடைப்பம். இருபத்து மூன்றாம் நாள் அந்த ஆண் தோல் உரித்தது. மூக்கு முதல் வால் வரை கிழியாத ஒரே துண்டு. டெல்மர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

மந்தமான ஆணை எழுப்ப, வேறொரு ஆணின் வாடையைக் காட்டுவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. போட்டிக்கு ஆள் வந்துவிட்டது என்று அதற்கு ரத்தம் சூடேறும். பாம்பு இந்த அறையிலேயே இருக்கிறது, இது அது உரித்துப்போட்ட வெறும் சட்டை என்று அவர் நினைத்தார். கையைக் கழுவினார். சட்டையை ஒரு காகிதப் பையில் போட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய், வில்மாவும் ரூஃபஸும் இருந்த பெட்டிக்குள் போட்டார்.

ரூஃபஸ் தலையைத் தூக்கியது. நாக்கு ஓயாமல் துழாவியது. அரை மணி நேரத்தில் வால்கள் பின்னிக்கொண்டன. டெல்மர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வேகவைத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தோராம் நாள் காலை இரைக்கு எலியோடு துணி துவைக்கும் அறைக்குள் போனவர் வாசலிலேயே நின்றார். பற்றாத லைட்டரை யாரோ விடாமல் தட்டுவது போல ஒரு சத்தம். புது ஆண் தலையைக் கூரை பார்த்து நிமிர்த்தி, வாயைத் திறந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உதட்டிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது.

எலியை அங்கேயே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார். அந்தச் சட்டை வில்மாவின் தண்ணீர்த் தட்டுக்கு அடியில் இன்னும் கசங்கிக் கிடந்தது. அதன்மேல்தான் அவள் படுத்திருந்தாள். வயிறு முட்டைகளால் பருக்கத் தொடங்கியிருந்தது.

கால்நடை மருத்துவர் பிரூயிட் புது ஆணின் வாயில் பஞ்சு வைத்து எடுத்து அனுப்பினார். நான்கு நாளில் பதில் வந்தது: மூச்சில் பரவும் வைரஸ், மருந்து கிடையாது. டெல்மர் இலியானாவுக்குப் போன் செய்தார்.

"இந்தப் பக்கம் வராத."

"புதுசுதானே? அது தனியாத்தானே இருந்துச்சு?"

"அதோட சட்டையக் கொண்டுபோய் ரூஃபஸுகிட்ட போட்டேன்."

"கிழட்டு முட்டாளே" என்றாள். "நேத்துதான்யா உன் கொட்டகைக் கதவத் தொட்டேன். வீட்டுக்குப் போய் என் நாப்பதுக்கும் தண்ணி மாத்தினேன்."

ஏப்ரலில் வில்மா ஐந்து முட்டை இட்டாள். அவற்றை எடுத்து அடைகாக்கும் பெட்டியில் வைத்த வாரமே அவளும் வாயைத் திறக்கத் தொடங்கினாள். அடுத்தது ரூஃபஸ். பிறகு மேல் அடுக்கில் ஒன்று, கீழ் அடுக்கில் இரண்டு. கொட்டகை முழுக்க இடுக்கி ஒன்றுதான், கையும் ஒன்றுதான். மே மாதம் கொட்டகைக் கதவைத் திறந்தாலே பல பக்கமிருந்தும் அந்தத் தட்டும் சத்தம் கேட்டது.

"முட்டைக்குள்ள போயிருக்குமா?" என்று மருத்துவரிடம் கேட்டார்.

"போயிருக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எல்லாத்தையும் ஊசி போட்டு முடிச்சுடறதுதான் நல்லது, டெல்மர்."

"முடிப்போம். முட்டை மட்டும் பொரிக்கிற வரைக்கும், அம்பத்தஞ்சு நாள் இருக்கட்டும்."

வில்மா முட்டையிட்ட முப்பதாம் நாள்வரை உயிரோடு இருந்தாள்.

ஐம்பத்தைந்தாம் நாள் நகக் கத்தரியால் முட்டைகளின் தோலைக் கீறினார். முதல் முட்டையில் பழுப்பு, இரண்டாவதிலும் பழுப்பு. மூன்றாவதில் ஈரத்துக்குள்ளிருந்து ஒரு சாம்பல் தலை அவரைப் பார்த்தது. கத்தரியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து மற்ற இரண்டையும் திறந்தார். இன்னொரு சாம்பல், இன்னொரு பழுப்பு. சாம்பல் இரண்டிலும் முதுகில் அந்த வெள்ளைக் கோடு.

மதியம் இலியானா காரை அவர் வீட்டு வாசலில் நிறுத்தாமல் சாலைக்கு எதிர்ப்புறம் நிறுத்தினாள். கண்ணாடியைப் பாதிதான் இறக்கினாள். அவளுடைய நாற்பது பாம்புகளும் இரண்டாவது சோதனையிலும் தப்பியிருந்தன.

"முட்டைய வெட்டியாச்சா?"

"ஆச்சு."

"என்ன நிறம்யா? சொல்லு!"

டெல்மருக்குப் பாம்புக்காரர்களைத் தெரியும். ஒன்றே ஒன்று கொடு, வேறு வீட்டில் வைக்கிறேன், தொண்ணூறு நாள் என்ன, ஒரு வருடம் தனியாக வைக்கிறேன் என்பார்கள். உண்மையாகவே அப்படி நம்பித்தான் சொல்வார்கள். காலையிலிருந்து அவர் மனமே அதை ஐந்து தடவை சொல்லிவிட்டது.

"பழுப்பு. அஞ்சும் பழுப்பு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "அப்ப அவனுங்க சொன்னதுதானா? சூடுதானா?"

"சூடுதான்."

"போகட்டும் விடு" என்றாள். கண்ணாடி ஏறியது.

வியாழக்கிழமை மருத்துவர் வந்தார். கொட்டகையில் ஒவ்வொரு பெட்டியாக டெல்மரே இழுத்துக் கொடுத்தார். வேலை சாயங்காலம் வரை நீண்டது. கடைசியாக ஒரு சின்னப் பெட்டி. மூடியைத் திறந்த மருத்துவர் நிமிர்ந்தார்.

"இதுக்காகத்தானே இத்தனை வருஷம்? ஒரு போட்டோவாவது எடுத்து வச்சுக்கோங்க."

"போட்டோவப் பாத்தா குட்டி எங்கன்னு தேடி வருவாங்க, டாக்டர்."

டெல்மர் கையை உள்ளே விட்டார். சாம்பல் குட்டிகளில் ஒன்று அவர் சுட்டுவிரலைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டது. அது தானாகத் தளரும்வரை மருத்துவர் ஊசியை எடுக்கவில்லை.