நிறைந்தே திரும்பிய போத்தல்

அக்காவும் நானும் ஒரே தேயிலை மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தோம். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகுமுன் இருவர் போத்தலிலும் அவள்தான் தண்ணீர் நிறைப்பாள். சாயங்காலம் இரண்டும் நிறைந்தபடியே வீடு திரும்பும். மலையில் கக்கூஸ் கிடையாது. புதருக்குள் போனால் அட்டை, மேலே ரோட்டில் வேலை வாங்குகிற கண்டாக்கையா. "ஒரு மடக்காவது குடியேன்" என்பேன்.

"குடிச்சிட்டு எங்கடி போய் ஒதுங்குறது? பேசாம கொழுந்தப் பறி."

நாங்கள் எல்லோருமே அப்படித்தான். பின்னே போத்தல் எதற்கு என்று கேட்காதீர்கள். அது இல்லாமல் போனால் ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

வெயில் காய்ந்த ஒரு நாள், தேயிலைச் செடிக்குள் இருந்த குளவிக் கூட்டில் அவள் கை பட்டுவிட்டது. கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினோம். அவள் சறுக்கி விழுந்துவிட்டாள். தூக்கி லொறியில் ஏற்றியபோது முகமே தெரியவில்லை, அப்படி வீங்கியிருந்தது. வழியெல்லாம் வாந்தி.

"தொண்ட காயுதுடி. கொஞ்சம் தண்ணி தா."

போத்தல் என் மடியில்தான் இருந்தது. மூடியைத் திறந்தேன். கூட வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயையோ, குடுத்துராத! தண்ணி உள்ள போனா வெசம் ஏறிரும்!" விஷக்கடிக்குத் தண்ணீர் ஆகாது என்பது எங்கள் லயத்து வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. மூடியைத் திருகிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். வீக்கம் வடிந்தது. பிழைத்துவிட்டாள் என்று சாமிக்குத் தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன். ஆனால் அவளுக்குச் சிறுநீர் இறங்கவே இல்லை. டாக்டர் நல்ல மனுஷன், எனக்குப் புரியும்படி சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். விஷத்தில் பிரஷர் விழுந்து, சிறுநீரகத்துக்குப் போகவேண்டிய இரத்தம் போகாமல் நின்றிருக்கிறது. அதில் அது அடிபட்டுவிட்டது, விஷமும் சேர்ந்து தாக்கியிருக்கிறது. காலையிலிருந்து என்ன குடித்தாள் என்று கேட்டார். விடியற்காலையில் ஒரு கோப்பை தேத்தண்ணி என்றேன். "உடம்பு முன்னமே வறண்டிருக்கிறது. வறளாத உடம்பென்றால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும்" என்றார்.

லொறியில் தண்ணீர் கொடுத்திருந்தால் சிறுநீரகம் தப்பித்திருக்குமா என்று கேட்டேன். அந்த வாந்தியில் அது மட்டும் போதாது, சேலைன் சீக்கிரம் ஏறியிருக்க வேண்டும் என்றார். என் மனசு கேட்கவில்லை. குளவியையாவது மன்னித்துவிடுவேன், அது தன் கூட்டைக் காத்தது. பொம்பளைகள் நாள் முழுக்க நிற்கிற மலையில் ஒரு கக்கூஸ் கட்ட மனசு வராத பாவிகளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சிறுநீரகம் திரும்பி வேலை செய்யவில்லை. இப்போது டயலிசிஸுக்காக அவளை பஸ்ஸில் டவுனுக்குக் கூட்டிப்போகிறேன். உடம்பில் தண்ணீர் தேங்கினால் மூச்சு முட்டுமாம். அதனால் குடிப்பதற்கும் அளவு சொல்லிவிட்டார்கள். சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது நான்தான். காலையிலேயே பாதி தீர்ந்துவிடும். அதற்கப்புறம் நாள் முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேற்றும் கேட்டாள்: "இப்பத்தான் மலைக்குப் போறதில்லையேடி. கக்கூஸும் வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. ஒரு மடக்கு குடுடி."

போத்தலை எடுத்து அவள் கண்ணில் படாமல் அடுப்படியில் வைத்தேன்.