பஞ்சு பூட்ஸும் மிளாக் கறியும்

ஏழு வயதில் கொஞ்ச நாள் நான் மிளாவாக இருந்திருக்கிறேன். மிளா என்பது எங்கள் போடி மலையில் திரியும் பெரிய மான். மாடு கணக்காக வளரும் என்பார்கள். நான் அதுவரை ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனாலும் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மிளாவாக இருப்பதுதான் என் வேலை. பின்னாலிருந்து மாமா பூட்ஸ் போட்டுக்கொண்டு அடி மேல் அடி வைத்து வருவார். சத்தம் கேட்டால் நான் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் மிளா ஓடிப்போய்விட்டது என்று அர்த்தம்.

மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. ஜீப்பு ஓட்டுபவர். விடிந்தும் விடியாததுமாகப் போடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு மலைப்பாதை ஏறி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். அவர் ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அவர் வைத்ததுதான் சட்டம். வாயும் அந்த ஜீப்பு மாதிரிதான், தாங்குகிற அளவுக்கு மேல் ஏற்றிக்கொள்ளும். அப்படி ஏற்றிய லோடுகளில் ஒன்றுதான் என் காதுகுத்துக்கு மிளாக் கறி போடுகிறேன் என்று சொன்னது.

வீட்டில் அடுத்தடுத்துத் துக்கம் விழுந்ததால் என் காதுகுத்து தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஆவணியில் நாள் குறித்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் மடி இல்லாத காதுகுத்தைப் பற்றி யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். அதனால் அந்த ஒரு நாளைக்கு மாமாதான் ராஜா. ராஜாவுக்குக் கிடாய்க் கறி போதவில்லை.

“ஊரெல்லாம் கிடாதான்க்கா வெட்டுறான். எம் மருமகளுக்கு நான் மிளா போடுறேன். பத்து வருசத்துக்குப் பேசணும்ல?” என்றார்.

“பேசுவாங்கடா. ஃபாரஸ்ட்காரன் பிடிச்சு உள்ள வச்சா அதையும்தான் பத்து வருசத்துக்குப் பேசுவாங்க,” என்றாள் அம்மா.

“அதெல்லாம் நம்ம சோலிக்கு இடைஞ்சல் வராது. தேவாரத்து அண்ணே எத்தனை தடவை போயிருக்காரு!”

தேவாரத்து அண்ணே என்பவரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மேலே தோட்டத்தில் வேலை பார்க்கும் மலையாளத்துக்காரர் ஒருவருக்கு மிளா வரும் தடம் தெரியும். மாமாவிடம் ஜீப்பு இருந்தது. மூன்று பேரும் சேர்ந்தால் காரியம் முடிந்த மாதிரிதான் என்று நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரிகளிடம் ஆளுக்கொரு துண்டு என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். அம்மா மட்டும் வேண்டாம் என்று இரண்டு நாள் கெஞ்சினாள், மூன்றாம் நாள் திட்டினாள், அப்புறம் பேச்சையே நிறுத்திக்கொண்டாள். இந்தச் சின்ன விஷயத்துக்கு அம்மா ஏன் சாப்பாடு இறங்காமல் இருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அது சாரல் காலம். மேலே சேறும் அட்டையும் காலை வைக்கவிடாது. செருப்போடு போனால் பத்தடிக்கு ஒரு தரம் செருப்பைத் தோண்டி எடுக்க வேண்டும். எனவே பூட்ஸ் வேண்டும். மாமாவிடம் இரண்டு ஜோடி சேர்ந்துவிட்டது, அதுதான் வம்பாகப் போயிற்று.

ஒன்று, போடிக் கடைத்தெருவில் கிடைக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். மருந்தடிக்கப் போகிறவர்கள் போடுவது. மற்றது, தோட்டத்துக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் விட்டுவிட்டுப் போனது. தோட்டத்து வாட்ச்மேன் மாமாவுக்குக் கொடுத்திருந்தார். அடிப்பாகம் ரப்பர், மேலே முழங்கால் வரைக்கும் அமுக்கினால் அமுங்கி எழும்பும் ஒரு தினுசுத் துணி. அதற்கு நியோப்ரீன் என்று பெயர் என்பது எனக்கு இப்போது தெரியும். அன்று எங்கள் வீட்டில் அது பஞ்சு பூட்ஸ்.

மிளாவுக்குச் சத்தமும் ஆகாது, மனித வாடையும் ஆகாது என்று தேவாரத்து அண்ணே சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே முதலில் சத்தப் பரீட்சை. ரப்பர் பூட்ஸ் மாமாவின் கெண்டைக்காலில் அடித்து அடித்துக் கொளக் கொளக்கென்று வந்தது. கிணற்றடி தாண்டுவதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். பஞ்சு பூட்ஸில் அவர் வந்தது தெரியவே இல்லை. திடீரென்று பின்னங்கழுத்தில் ஊதினார். நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

அடுத்து வாடைப் பரீட்சை. அதற்கும் நான்தான் மிளா. ரப்பரை முகர்ந்தேன், டயர் வாடை. “மெட்டு ரோட்டுல தெனமும் மோந்து பாக்குற வாடைதானே, மிளாவுக்குப் பழகியிருக்கும்,” என்று மாமா திருப்திப்பட்டார். பஞ்சு பூட்ஸுக்குள் மூக்கை விட்டதும் எனக்குக் குமட்டியது. அந்த வெளிநாட்டுக்காரரின் கால் இன்னும் அதற்குள்ளேயே குடியிருந்தது. மாமா அதைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, நாள் கணக்கில் ஓட்டு மேல் காயவைத்தார். வாடை போயிற்று. ஆனால் கவலை போகவில்லை. ரப்பர் எதையும் குடிக்காது, துடைத்தால் போதும். பஞ்சு எதைக் கொடுத்தாலும் குடித்துக்கொள்ளும். நடக்கிற நடையில் கால் வேர்த்தால் அந்த வாடையையும் அல்லவா குடித்துக்கொள்ளும்? சத்தமா, வாடையா என்று மாமா இரண்டு ஜோடியையும் முன்னால் வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்பா ஏலக்காய்க் கடையிலிருந்து வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, “மாப்ளே, ஒரு காலுக்கு அது, ஒரு காலுக்கு இது போட்டுட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், “தம்பி, பஞ்சு பூட்ஸையே போட்டுட்டுப் போடா. சத்தமில்லாம இருக்கும்ல,” என்றாள்.

மாமாவுக்கும் எனக்கும் ஒரே ஆச்சரியம். மாமா அக்காவின் மனம் மாறிய சந்தோஷத்தில் அங்கேயே இன்னொரு தட்டுச் சோறு சாப்பிட்டார். அம்மாவுக்கும் மிளாக் கறி ஆசை வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். வாய்விட்டுக் கேட்கவும் கேட்டேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாள்.

அம்மா தோட்டத்துக் கூலியாட்களின் லயன் வீட்டில் வளர்ந்தவள். மலையில் அட்டைக்கு வைத்தியம் புகையிலைதான். புகையிலையும் உப்பும் ஊறிய தண்ணீரில் துணியை நனைத்து, காயவைத்து, காலில் சுற்றிக்கொண்டுதான் ஏலப்பழம் எடுக்கப் போவார்கள். மாமா கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா பழைய பானை ஒன்றில் புகையிலையைப் போட்டுக் கொதிக்கவைத்தாள். வீடு முழுக்க நெடி. அப்பா தும்மித் தும்மித் தெருவுக்கே போய்விட்டார். துணியை நனைத்தது போக, மிச்சத் தண்ணீரைப் பஞ்சு பூட்ஸுக்குள்ளேயும் ஊற்றினாள். பூட்ஸ் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டது. வெளியேயும் தடவி, அடுப்போரம் வைத்துக் காயவைத்தாள்.

மாமா பூட்ஸை முகர்ந்தவர் முகத்தை அப்பால் இழுத்துக்கொண்டார்.

“யக்கா, வாடை தூக்கலா இருக்கேக்கா?”

“மலையில பொகையில போடாத மனுசன் யாருடா இருக்கான்? மிளாவுக்குப் புதுசா என்ன? இது இல்லாமப் போயி அட்டை கடிச்சு ரத்தம் வடிஞ்சா, அந்த வாடை அடிக்காதா?”

அக்கா கையால் செய்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் மாமாவுக்கு இல்லை. அம்மா கீழே உட்கார்ந்து அவர் காலில் அந்தத் துணியைத் தானே சுற்றிவிட்டாள், சின்னப் பிள்ளைக்குச் சுற்றுகிற மாதிரி. “வெரசா வந்துருடா,” என்று மட்டும் சொன்னாள்.

வெரசாகத்தான் வந்தார். மறுநாள் மத்தியானமே ஜீப்பு வாசலில் வந்து நின்றது. பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒரு சாக்குப் பை, ஸ்டெப்னி டயர், அவ்வளவுதான். மாமா சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னார். காலையில் ஓடைப் பக்கம் நல்ல தடம் கிடைத்ததாம். ஆனால் இவர்கள் போகிற பக்கமெல்லாம் காற்று முன்னால் போய்ச் சொல்லிவிட்டதாம். எங்கோ தூரத்தில் மிளா கத்திவிட்டு ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டதாம். கடைசியில் அந்த மலையாளத்துக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “எடா, நீ வேட்டைக்கு வந்தியா, பொகையிலக் கடை போட வந்தியா?” என்று கத்தினாராம். தேவாரத்து அண்ணே இனிமேல் உன்னைக் கூட்டிக்கொண்டு போக மாட்டோம், வேறு ஜீப்பு பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டாராம்.

அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னை மிளாவாக்கி அத்தனை பரீட்சை செய்து தேர்ந்தெடுத்த பூட்ஸை, அட்டை கடிக்கும் அட்டை கடிக்கும் என்று அம்மா பாழாக்கிவிட்டாளே! பெஞ்சுக்காரிகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? “ஒனக்கு ஒண்ணுமே தெரியல,” என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா, “ஆமாடி, எனக்கு என்ன தெரியும்,” என்றாள்.

வேறு ஜீப்பு பார்த்துக்கொண்டு போன அந்த இரண்டு பேரும், அந்த ஜீப்புக்காரரும், என் காதுகுத்துக்கு முந்தின வாரம் மேலே ஃபாரஸ்ட்காரர்களிடம் பிடிபட்டார்கள். மாமா அதைக் கேட்ட அன்று ஜீப்பை எடுக்கவே இல்லை. பஞ்சு பூட்ஸைக் கொண்டுபோய் எங்கேயோ எறிந்துவிட்டு வந்தார்.

சிலமலைப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் காதுகுத்து நடந்தது. கிடாய்க் கறிதான். மொட்டைத் தலையில் சந்தனமும் கழுத்தில் மாலையுமாக மாமா மடியில் உட்கார்ந்திருந்தேன். ஆசாரி தங்க ஊசியோடு பக்கத்தில் வந்ததும் அம்மா முன்னால் மண்டியிட்டு, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்படி ஒரு பிடி. கன்னம் வலித்தது. நான் சண்டை போட்டதற்குத்தான் இன்னும் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் அதே கோயிலில் என் மகளுக்குக் காது குத்தினோம். மாமன் முறைக்கு என் தம்பி சென்னையிலிருந்து வர வேண்டும். வழியில் வண்டி பழுதாகித் தாமதமாகிவிட்டது. ஆசாரிக்கு அடுத்து இன்னொரு வீட்டில் சோலி இருந்தது. மாமாவே இருக்கிறாரே, அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று நானே சொன்னேன். தலை நரைத்த மாமாவும் எழுந்து வந்தார். அம்மா விடவில்லை. “ஆசாரி காத்திருக்கட்டும். எம் மகன் வரட்டும். பிள்ளை ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கா, தெரியலையா ஒனக்கு?” என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

என் தம்பி வந்து, காது குத்தி முடிந்து, எல்லோரும் பந்திக்குப் போன பிறகு அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு இடது காதில் துளை சற்றுக் கீழே தள்ளிக் கோணலாக இருக்கும். எந்தத் தோடு போட்டாலும் அந்தப் பக்கம் சரிந்துதான் நிற்கும். சின்ன வயதில் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். அசைந்துவிட்டேன் என்று சொல்லிச் சிரிப்பாள். அன்று அந்தக் காதைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்.

“எனக்கும் ஒரு தாய்மாமன் இருந்தாருடி. எங் காதுகுத்துக்கு மிளாக் கறி கொண்டாறேன்னு போனாரு. பிடிச்சு உள்ள வச்சுட்டாங்க. வீட்டுல யாரும் எங்கிட்டச் சொல்லல. ஒன் மாமன் அப்பப் பொறக்கவே இல்ல, அவனுக்கும் யாரும் சொல்லல. அவமானம்ல. லயத்துல யாரோ ஒருத்தரு மடியில வச்சுக் குத்துனாங்க. ஆசாரி ஊசியக் காதுல வைக்கையில வெளிய ஜீப்புச் சத்தம் கேட்டுச்சு. மாமாதான் வந்துட்டாருன்னு திரும்பிட்டேன்.”

“வந்தாரா?”

“லோடு ஏத்த வந்த ஜீப்பு அது.”

என் காதுகுத்தன்று கோயிலுக்கு வெளியே ஏதேதோ வண்டிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தன. நான் எதற்கும் திரும்பவில்லை. நான் தேட வேண்டிய ஆள் என்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வேட்டியில் துவைத்தும் போகாத லேசான புகையிலை வாடையோடு. நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு, மிளாக் கறி இல்லாமல் போயிற்றே என்று அழுதுகொண்டிருந்தேன். ஊசிக்குப் பயந்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மா என் முகத்தை விடவே இல்லை.