வெளிக்கடலில் நின்ற கப்பல்

துறைமுகத்தில் என் மாப்பிள்ளைக்கு மேலோகம் என்று பேர். தங்கச்சி புருஷன், மரியாதை கொடுக்க வேண்டிய ஆள்தான். ஆனால் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கிரேனில் ஏறினால் சாயங்காலம்தான் மண்ணை மிதிப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெரிய பாரம் தூக்கும் கிரேன் எங்களிடம் ஒன்றே ஒன்று. ஓட்டுபவன் அவன். கீழே நின்று கை காட்டுபவன் நான்.

தங்கச்சிக்கு நூல் மில்லில் வேலை. அங்கே டிரான்ஸ்பார்மர் எரிந்து, டீசலில் ஒரு ஷிப்டு மட்டும் ஓடியது. புதுசு கப்பலில் வருகிறது, மாசக் கடைசிக்குள் வராவிட்டால் பூட்டிவிடுவேன் என்றார் முதலாளி. முந்நூறு பெண்களின் பிழைப்பு.

கப்பல் வந்தது. வந்து வெளிக்கடலில் நின்றது. உள்ளே கிரேனுக்கு நேரே ராணுவக் கப்பல், அதில் முப்பத்தாறு பீரங்கி வண்டிகள். அதற்குத்தான் முதலிடம் என்று உத்தரவு.

நாங்கள் ஒரே சந்தில் குடியிருக்கிறோம். தங்கச்சி தினமும் வாசலிலேயே அவனிடம் கேட்பாள்.

"நிக்குதா?"

"நிக்குது. கைய நீட்டுனா தொட்டுரலாம்."

"அப்ப நீட்டுங்களேன். அவ்ளோ பெரிய கை வச்சிருக்கீங்க."

அவன் சிரிக்கவில்லை. மறுநாள் என்னிடம், "மச்சான், ஒரு நாளைக்கு ரெண்டு வண்டிதான் எறக்குறோம். நாலா எறக்குவோம். இவன் கெளம்பிட்டா அவன் உள்ள வந்துருவான்ல" என்றான்.

"கயிறு அறுந்தா நீ மேலோகம், நான் பரலோகம்" என்றேன்.

மூத்திரத்துக்குக்கூட இறங்காமல் தூக்கினான். பதினெட்டு நாள் வேலை ஒன்பது நாளில் முடிந்தது.

ராணுவ அதிகாரி ஒருவர் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்றவரிடம், "இந்த மாதிரி ஆள் இருக்கும்போது அடுத்த கப்பல ஏன் வேற துறைமுகத்துக்கு அனுப்பறீங்க? இங்கயே திருப்புங்க" என்றார்.

"ஐயா, வெளிய மில்லு சாமான் நிக்குது" என்றான் மேலோகம்.

"நிக்கட்டும்ப்பா. நாடு இருந்தாத்தானே மில்லு."

மில் இல்லாத நாட்டில் எதைக் காப்பதாம்? ஆறாம் வகுப்போடு நின்ற நான் அதிகாரியிடம் கேட்கிற கேள்வியா அது?

இரண்டாவது கப்பலின் ஐந்தாவது வண்டி அந்தரத்தில் நின்றது. இறக்கச் சொல்லிக் கை காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, வெளிக்கடலில் மில் கப்பல் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்துத்தான் வண்டி இறங்கியது.

அன்றைக்கும் தங்கச்சி கேட்டாள்.

"நிக்குது" என்றான். நான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

தினமும் நிக்குது என்றே சொன்னான். மாசக் கடைசியில் மில்லைப் பூட்டினார்கள். அவள் தூக்குவாளியோடு பாதி நாளிலேயே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கப்பல் திரும்பிப் போயி பத்து நாளாச்சாமே" என்றாள்.

மூன்றாவது ராணுவக் கப்பலும் வந்தது. இப்போது அவன் ஒரு நாளைக்கு ஒரு வண்டிதான் இறக்குகிறான். ஏன் இவ்வளவு மெதுவு என்று மெமோ வருகிறது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறிவிடுகிறான். தங்கச்சிதான் வாசலில் ஒன்றும் கேட்பதில்லை.